தொள்ளாயிரம் வரி

என் கணவர் எழுதிய கணினி நிரலை என்னைக் கேட்காமல் யாராலும் படிக்க முடியாது. அவர் இறந்துபோன பிறகு எட்டு மாதம் அதுதான் எனக்குப் பேச்சுத் துணை.

இருவரும் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம். ஒரு டயாலிசிஸ் மையத்தில் எந்த நோயாளிக்கு எந்த நேரம், எந்த நாற்காலி என்று முடிவு செய்யும் மென்பொருள் அது. மெத்தட் என்பதை நிரலின் ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளலாம். இருபது வரிக்குள் இருந்தால் நல்லது. அவர் ஒரே மெத்தடைத் தொள்ளாயிரம் வரிக்கு எழுதியிருந்தார்.

"ஏங்க, இது மெத்தடா, அனுமார் வாலா?" என்பேன்.

"வாலைப் புடிச்சுக்கிட்டே வா, தலை தெரியும்" என்பார்.

அவர் இல்லாத அந்த மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை எதிர் மேஜைக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார். "மேடம், எண்ணூறாவது வரியில உங்க வீட்டுக்காரர் என்ன சொல்ல வர்றார்?" நான் விளக்கத் தொடங்குவேன். பேச்சு எங்கெங்கோ போகும். வீட்டில் அவரைப் பற்றி வாயெடுத்தாலே என் தங்கை டீ போட எழுந்துவிடுவாள். இங்கே மட்டும்தான் கேட்டார்கள்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். "உங்க ஒருத்தருக்குத்தான் புரியுதுன்னா அது ஆபத்தும்மா. இந்த மாசத்துக்குள்ள பிரிச்சு எழுதுங்க. இல்லேன்னா இதைத் தூக்கிட்டு ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம்."

தூக்கிப்போட மனம் வரவில்லை. பிரிக்கக் கை வரவில்லை. ஒரு வாரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் வரிகளை வெட்டித் தனியே எடுப்பேன். அவை என்ன செய்கின்றனவோ அதையே பெயராக வைப்பேன். சோதனைகளை ஓட்டுவேன். பச்சை வந்தால் எதுவும் கெடவில்லை என்று அர்த்தம்; அடுத்தது.

நடுவில் முப்பது வரி எனக்கே பிடிபடவில்லை. எஃப்7 என்று ஏதோ ஒன்று காலியாக இருந்தால், இரண்டு நோயாளிகளின் நாற்காலிகள் மாறின. எதற்கென்று ஒரு குறிப்பும் இல்லை. எடுத்துவிட்டு ஓட்டினேன். எல்லாம் பச்சை. எதிர் மேஜைக்காரர் கேட்டால் "தெரியல" என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நீக்கிவிட்டேன்.

புது நிரல் ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள் மையத்து நர்ஸ் போன் செய்தார்.

"என்ன பண்ணீங்க மேடம்? நாலாம் நாற்காலி அம்மா காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க. அஞ்சாம் நாற்காலிக்காரர் எங்க, எங்கன்னு என் உயிரை வாங்குறாங்க. அவரை அந்தக் கோடியில போட்டிருக்கு."

"சொந்தக்காரங்களா?"

"சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. ரெண்டு பேருக்குமே கூட வர ஆள் கிடையாது. மூணு வருஷமா பக்கத்துல பக்கத்துல உக்காந்து சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. ஏதோ தற்செயல்னு நெனச்சேன்."

பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது கட்டம், அதுதான் எஃப்7: உடன் வருபவர் பெயர்.

என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

முப்பது வரியையும் திரும்ப வைத்தேன். தனி மெத்தடாக்கி, 'தனியாக வருபவர்களைப் பக்கத்தில் உட்காரவை' என்று பெயரிட்டேன். இன்னொருவர் என்னைப் போல் நீக்கிவிடாதபடி அதற்கும் ஒரு சோதனை எழுதினேன்.

மாதக் கடைசியில் எதிர் மேஜைக்காரர் முழுவதையும் படித்தார். நாற்காலி உருளும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் இருந்த இடத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்தினார்.

"அருமை மேடம். கடகடன்னு ஓடுது. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"அந்த நாற்காலி விஷயம்..."

"அதான் பேர்லயே இருக்கே மேடம்."

"ஆமா" என்றேன்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.