அடக்கமான வீணை

புது வீணையை மடியில் வாங்கியதும் என் மாமியார் சாந்தாமணி சொன்ன முதல் வார்த்தை, "நல்லா அடக்கமா இருக்குது." சொல்லும்போது வீணையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

செய்தவர் என் கணவர் மதன்குமார். சிங்காநல்லூரில் பட்டறை வைத்து, பம்ப் வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்கிறவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பழைய வீணை பரண்மேல் வேட்டி சுற்றிக் கிடக்கிறது. வாசித்தால் அத்தைக்குத் தலை இடிக்குமாம். அவர் பார்க்கும் சீரியல் தெருமுனை பேக்கரி வரைக்கும் கேட்கும், அதற்கு மட்டும் இடிக்காது. அப்படி இருக்கும்போது இவர் வந்து, உனக்குச் சின்னதாக ஒன்று செய்கிறேன், தொண்டாமுத்தூரில் உன் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம் என்றாரா, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீந்த பலாக்கட்டையில் இழைத்தார். குடமே கிடையாது. கெட்டிக் கட்டை, உள்ளே ஒரு மைக், ஹெட்போன் மாட்ட ஓட்டை. குடம் வேண்டாமா என்று கேட்டதற்கு, பைக்குள் அடங்க வேண்டாமா என்றார். மெழுகு உருக்கிப் பித்தளை மெட்டுகளைப் பதித்தபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் கீழே என்று சுருதி சொன்னேன். ஒவ்வொரு மெட்டுக்கும் பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன் வேறு.

இன்றைக்குக் காலையில்தான் விஷயம் வெளியே வந்தது.

"இனிச் சத்தமே வெளிய வராதுங்கம்மா. அவ பாட்டுக்கு ரூமுக்குள்ள வாசிச்சுக்குவா."

இவர் முகத்தில் அத்தனை பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அவ வாசிக்கட்டுமுங்க' என்று தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழாத மனுசன், அதற்குப் பதிலாக மாதக்கணக்கில் மரம் இழைத்திருக்கிறார். என் வாயை அடைக்க என்னையே சுருதி சொல்ல வைத்திருக்கிறார். வீணையும் அடக்கம், மருமகளும் அடக்கம். பக்கத்து வீட்டு ஜன்னத் அக்கா வேறு, இப்படி ஒரு புருசன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நேற்றுத்தான் சொல்லிவிட்டுப் போனாள். நன்றாகக் கொடுத்து வைத்தேன்.

வாசித்துக் காட்டச் சொல்லி இவர் ஹெட்போனை நீட்டினார். வாங்கி சோபாவில் போட்டேன். டிவிக்குப் பக்கத்தில், அத்தையின் சீரியலுக்கென்று இவரே வாங்கிப்போட்ட இடுப்புயர ஸ்பீக்கர். அதன் ஒயரை டிவியிலிருந்து பிடுங்கினேன். ஹெட்போனுக்கும் அதற்கும் ஒரே பின். வீணையை அத்தை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, நடு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒயரை அதில் சொருகினேன்.

"அதுல போட்டா ஊருக்கே கேக்குமே கண்ணு" என்றார் இவர்.

"கேக்கட்டுமுங்க."

ஸ்பீக்கரின் வால்யூமை முழுசாகத் திருப்பினேன். தந்தியை இன்னும் தொடவில்லை. அதற்குள்ளேயே ஸ்பீக்கர் உம்மென்று இரைய ஆரம்பித்தது. அத்தை ரிமோட்டை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலைத் தந்தியில் வைத்தேன்.