முதல் பிடி மண்

அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்த கை யாருடையது என்று தெரிந்ததும் செசிலி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பூவாயி. அம்மாவிடமிருந்து நைனாவைப் பிரித்து அவலூர்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனவள். பாயில் பிணமாகக் கிடத்தியிருந்த அம்மாவின் தலைமாட்டில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கையால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

நைனா போனபோது செசிலிக்கு ஒன்பது வயது. அவர் அங்கேயே குடித்துச் செத்தும் போனார். நான்கு வருடத்துக்கு முன் பூவாயி பக்கவாதத்தில் நாதியில்லாமல் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அம்மா சவேரியம்மாதான் ஆட்டோ வைத்துக்கொண்டு போய் அவளைச் செஞ்சிக்கே கூட்டிவந்துவிட்டாள்.

"அவ இருக்குற வூட்ல நான் கால வெக்க மாட்டேன்" என்று செசிலி போனில் கத்தினாள்.

அம்மா கத்தவில்லை. "அவளத் தூக்கி உக்கார வெக்க ஆளில்லமா. அதான்" என்றாள்.

செசிலி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இன்று காலை வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கித்தான் மறுபடி இந்தப் படியை மிதிக்கிறாள்.

"கண்டவ கையால எங்க அக்காவுக்குத் தல வாரணுமா?" பின்னாலிருந்து தாய்மாமன் தங்கராசு அதட்டினார். "பாப்பா, ஒரு முதியோர் இல்லத்துல பேசிட்டேன். அடக்கம் முடிஞ்சதும் இவள ஏத்திக்கினு போக வேன் வந்துடும்."

பூவாயி சீப்பைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவள் முழங்கையைச் செசிலி பார்த்தாள். தோல் உரிந்து, ரத்தமும் மண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னா இது?"

பக்கத்து வீட்டு வசந்தாதான் சொன்னாள். "நேத்து சாயங்காலம் இவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கினு இருக்கும்போதே உங்கம்மா சாஞ்சிட்டா. இவ கத்துனது யாருக்கும் கேக்கல. ஒத்தக் கையால தரையோட தேச்சிக்கினே படி எறங்கி, நடு ரோட்டுல வந்து படுத்துட்டா. லாரிக்காரன் ப்ரேக் போட்ட சத்தம் கேட்டுதான் நாங்க ஓடியாந்தோம். அப்ப உங்கம்மாவுக்கு உசிரு இருந்துச்சு. மாதா கோயில் சாமியார் வந்து கடைசி நேரத்து எண்ணெய், அவஸ்தை பூசினாரு. தானே சிலுவை போட்டுக்கினுதான் போனா."

செசிலி திரும்பிப் பார்த்தாள். மூன்று படி. அதற்கப்புறம் ரோடு வரைக்கும் ஜல்லி.

உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்தாள். பூவாயியின் முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணைத் துடைத்தாள்.

"வுடுமா" என்றாள் பூவாயி குழறலாக. "அக்காவுக்குப் பின்னி முடிச்சிடறேன்."

ஒற்றைக் கையால் எப்படிப் பின்னுவது? செசிலி இரண்டு பிரியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதைப் பூவாயி பிடித்தாள். பின்னல் கோணலாகத்தான் வந்தது.

"வேன் வேணாம் மாமா" என்றாள் செசிலி, தலையைத் திருப்பாமலே.

"அப்ப யாரு பாத்துக்குவா?"

"நான்தான். வேலூருக்குக் கூட்டிக்கினு போறேன்."

"உங்கம்மா புத்தி உனக்கும் வந்துடுச்சா?"

"வந்தா நல்லதுதான் மாமா."

மாலையில் பேண்டு வாத்தியத்தோடு பெட்டி புறப்பட்டது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பெட்டிக்கு அடுத்தாற்போல் கோயிலின் சக்கர நாற்காலியில் பூவாயி வந்தாள். தள்ளிக்கொண்டு வந்தவள் செசிலி. பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே நடந்தாள். ராஜகிரி மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

குழிக்குள் பெட்டி இறங்கியதும் சாமியார் கேட்டார். "குடும்பத்துல யாரு மொதல்ல மண்ணு போடறீங்க?"

தங்கராசு முன்னால் வந்தார். செசிலி கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"சித்தி போடட்டும்."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. செசிலி அள்ளிக் கொடுத்த மண்ணோடு பூவாயியின் இடது கை குழிக்கு மேல் நீண்டு விரிந்தது. மண் பெட்டியின் மேல் விழுந்தது. பாடகர் குழு உயிர்ப்பின் பாட்டை எடுத்தது. செசிலி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் விட உரக்கப் பாடினாள்.

நாற்காலியைத் திருப்பும்போது பூவாயியின் வலது காலிலிருந்து செருப்பு நழுவிக் குவித்த மண்ணில் விழுந்தது. செசிலி குனிவதற்குள் தங்கராசு குனிந்திருந்தார். செருப்பைத் தன் வேட்டியில் துடைத்தார். அந்தக் காலைப் பிடித்து, மெதுவாக மாட்டிவிட்டார்.