ரேகை விழாத கை

என் கைகளை ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததில்லை. அம்மியில் மிளகாய் அரைக்கும் கை, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அண்டா தேய்க்கும் கை, கிணற்றுக் கயிறு இழுக்கும் கை. வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'கொடுத்து வைத்த மனைவி.' அவர் என்றைக்காவது எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் நாலு வாளி இறைக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு.

வீடியோ எடுப்பவர் என் கணவர் சிவபிரகாஷ். பன்னிரண்டு வருடம் தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போன ஐப்பசியில் குடுமியான்மலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தார். முதல் மாதம் தூங்கினார். இரண்டாவது மாதம் போன் பார்த்தார். மூன்றாவது மாதம், மெஷின்கள் வந்த பிறகுதான் மனிதனுக்கு வியாதி வந்தது என்று கண்டுபிடித்தார். "அந்த மெசினை ரிப்பேர் பாத்துத்தானேங்க நாம சாப்பிட்டோம்?" என்று கேட்டேன். போனைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

தை பிறந்ததும் வாஷிங் மெஷினும் மிக்சியும் கிரைண்டரும் அவர் தங்கை மோகனப்ரியா வீட்டுக்கு வேனில் போயின. கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டார். கொல்லையில் புல் வெட்டும் மெஷினை விற்றுவிட்டு எனக்கு ஒரு அரிவாள் வாங்கி வந்தார். சேனலுக்குப் 'பாட்டன் வழி' என்று பெயர் வைத்தார். அந்த வழியில் நடந்தது நான் ஒருத்திதான்.

அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். காலை வெயில் நன்றாக விழும் நாட்களில் இரண்டு வாளி இறைப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இதுதாங்க நம்ம முன்னோர்களோட ஜிம்மு" என்று போனைப் பார்த்துச் சொல்வார். பிறகு எடிட் பண்ண உள்ளே போய்விடுவார். குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட, செடிக்கு ஊற்ற என்று மீதி நாற்பது வாளியும் என்னுடையது.

மாசிக் கடைசியில் மணிக்கட்டு வீங்கியது. "பழகிடும் கலை. வளைஞ்சாத்தானே ஒடம்பு," என்றார். சித்திரையில் விரல் நுனிகள் வெடித்தன. ஆறிய பிறகு வழுவழுவென்று ஆகிவிட்டன. வைகாசியில் ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தேன். எடுக்கவில்லை. நாலு விரல் மாற்றி வைத்தும் எடுக்கவில்லை. கடைக்காரர், "ரேகை விழலையேக்கா, வீட்ல வேற யாரையாச்சும் வரச் சொல்லுங்க," என்றார். மறுநாள் இவர் போய் விரல் வைத்து அரிசி வாங்கி வந்தார். இவருக்கு முதல் தடவையிலேயே விழுந்ததாம். விழாமல் என்ன?

அந்தச் சமயத்தில்தான் என் நிலத்தின் மேல் அவர் கண் விழுந்தது.

அறுபது சென்ட். என் ஆத்தா ஊரார் கொல்லையில் எல்லாம் கடலை பிடுங்கி, ஆய்ந்து, கூலி சேர்த்து வாங்கியது. சாகும் முன் அதை எனக்கு எழுதி வைத்தாள். அவளுக்குக் கையெழுத்துத் தெரியாது. பத்திரத்தில் அவள் பெருவிரல் வைத்த இடத்தில் கோடு ஒன்றும் கிடையாது, வெறும் கறுப்புத் திட்டுதான். அந்தக் காலத்தில் அதைச் சோதிக்க ஒரு பெட்டி இல்லாததால் தப்பித்தாள். இந்த உலகத்தில் என் பெயரில் இருப்பது அந்த அறுபது சென்ட் ஒன்றுதான். வருடா வருடம் அதில் கடலை போடுகிறேன். அதில் வருவதைக் கேட்க எவருக்கும் வாய் கிடையாது.

அதை விற்று, வீட்டுக்குப் பின்னால் பட்டணத்து ஆட்கள் வந்து தங்க இரண்டு மண் குடில் கட்டப்போவதாகச் சொன்னார். பழைய வாழ்க்கையைப் பார்க்க வருவார்களாம். படத்தையும் காட்டினார். கூரைக்குக் கீழே வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"ஏசி. வர்றவங்க நம்ம மாதிரி இருக்க முடியுமா?"

முடியாது என்றேன், நிலத்தைப் பற்றி. மூன்று நாள் சாப்பிடாமல் படுத்தார். பிறகு என் அண்ணன் ஆத்மநாதனைப் பேசக் கூட்டி வந்தார். என் பக்கம் பேசத்தான் அண்ணன் வருகிறது என்று நினைத்து மீன் குழம்பு வைத்தேன், அம்மியில் அரைத்து. குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் சொன்னது: "மாப்ள என்ன குடிச்சா அழிக்கப் போறாரு? தொழிலுக்குத்தானே கேக்குறாரு. ஒனக்குன்னு தனியா எதுக்குத்தா நெலம்? கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு."

ஒரு மாதம் வேண்டாம் என்று சொன்னேன். சுவரில் போய்ச் சொல்லியிருக்கலாம். கடைசியில், கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு சாயங்காலம், சரி என்று தலையாட்டினேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

வாங்க வந்தவர் பொன்னமராவதியில் அரிசி மில் வைத்திருக்கும் பழனிச்சாமி. ஆனிக் கடைசியில் பத்திர ஆபீசுக்குப் போனோம். ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தது. "பெருவிரலை வைங்க," என்றது. வைத்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அழுத்தி வைங்க. தொடைச்சுட்டு வைங்க. சரி, அடுத்த வெரல்."

பத்து விரலுக்கும் சிவப்பு. விரலுக்குப் பதிலாகக் கண்ணைக் காட்டும் மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது என்றது அந்த அம்மா. "ரெண்டு மூணு வாரம் கையை ரெஸ்ட்ல வைங்க. தேங்காயெண்ணெய் தடவுங்க. சோப்பு, சாம்பல் ஒண்ணும் வேணாம். தோலு புதுசா வந்தா ரேகை விழுந்துரும்."

பழனிச்சாமி, ஆடிப் பதினெட்டு வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார். அன்றும் ஆகவில்லை என்றால் பக்கத்துக் கொல்லையைப் பேசி வைத்திருக்கிறார், அதை முடித்துவிடுவார்.

என் 'வேண்டாம்' ஒரு மாதமாக யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் பெட்டி ஒரு தடவை வேண்டாம் என்றது. ஆபீஸே எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது. பஸ்ஸில் வரும்போது எனக்கு அதன் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாளே வேன் வந்தது. மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. மோட்டார் கிணற்றில் இறங்கியது. பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை வாங்கி வந்து, பிறகு அதுவும் வேண்டாம் என்று அவரே தேய்த்தார். மணிக்கட்டு வீங்கியபோது வராத மிக்சி, கயிறு உரசி ரத்தம் வந்தபோது வராத மோட்டார், ஒரு கைநாட்டுக்காக ஓடி வந்தன. ராத்திரி சாப்பிட்டதும் என் விரல்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணெய் தடவிவிட்டார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் என்னை வேறு எதையும்விட அதிகமாகச் சுட்டது.

பத்து நாளில் தோல் இளகியது. தினமும் காலையில் போன் வெளிச்சத்தில் என் பெருவிரலைப் பார்ப்பார். ஒருநாள் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார்: "கலை, கோடு தெரியுது பாரு! சுத்திச் சுத்தித் தெரியுது!"

பார்த்தேன். தெரிந்தது. கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் யோசிக்க அதிகம் இல்லை. ஆடிப் பதினேழு காலையில் அவர் பத்திரம் எழுதுபவரைப் பார்க்கப் போன நேரம், துவைகல்லுக்குப் போனேன். செங்கல்லை இடித்துப் பொடியாக்கிக் கல்லில் கொட்டி, பத்து விரலையும் தேய்த்தேன். அண்டா தேய்க்கும்போது எத்தனை அழுத்தம் வேண்டும் என்று ஆறு மாதத்தில் கை பழகியிருந்தது. எரிச்சல் உச்சந்தலை வரை போனது. அழுதேன்; ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு மருதாணி அரைத்து விரல் நுனிக்கெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டேன்.

அவர் வந்து பார்த்துப் பதறினார். "இன்னிக்குப் போயி இத எதுக்கு வச்ச? நாளைக்கு மெசின் எடுக்குமா?"

"ஆடிக்கு மருதாணி வைக்கக் கூடாதாங்க? கல்யாணப் பொண்ணுகளே இதோடதான் போயிப் பதிவு பண்ணிட்டு வருதுக," என்றேன். நல்ல நாளில் வாக்குவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆடிப் பெருக்கன்று ஆபீசில் நிற்க இடமில்லை. எங்கள் டோக்கன் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதே கண்ணாடி அம்மா. அதே பெட்டி. சிவந்த விரலை வைத்தேன். சிவப்பு எரிந்தது. பத்துக்கும் எரிந்தது. கண்ணைக் காட்டும் மெஷின் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தது. மருதாணியைத் தாண்டி அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டது: "முன்னைக்கு இப்ப மோசமா இருக்கே. வீட்ல அப்படி என்னம்மா வேலை பாக்குறீங்க?"

பின்னால் அவரும் அண்ணனும் பழனிச்சாமியும் நின்றார்கள்.

"எல்லாம் கை வேலைதாங்க. எங்க வீட்டுக்காரருக்கு மெசினே ஆகாது. வேணும்னா வீடியோ இருக்கு, பாருங்க," என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பழனிச்சாமி வாட்சைப் பார்த்தார். "சரி தம்பி, நமக்குக் குடுப்பினை இல்ல," என்று இவர் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். சாயங்காலத்துக்குள் பக்கத்துக் கொல்லை அவர் பெயருக்குப் பதிவாகிவிட்டது.

ஒரு வாரம் இவர் என்னிடம் பேசவில்லை. கையுறை பரணுக்குப் போனது. எண்ணெய் தடவிவிட ஆள் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் மோட்டாரைக் கழற்றும் சத்தம் கேட்டது. மெஷின்களை ஏற்ற வேனும் வந்தது.

"ஒரு மாசமா வீடியோ போடல. சேனலே செத்துப்போச்சு. இனிமே எல்லாம் பழையபடிதான்," என்றார்.

"சரிங்க," என்றேன்.

அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"வெயில் நல்லா விழுது. கயித்த எடு. மூஞ்சி வேணாம், கை மட்டும் தெரியட்டும்."

வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன். நிறைந்ததும் இழுத்தேன். கயிறு என் பெருவிரலை அறுத்துக்கொண்டு மேலே வந்தது. கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் வலிக்காது என்று எனக்குத் தெரியும். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.