அக்கா விருந்தாளியாக வந்த ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. கேஸ் சிலிண்டர் போடுபவர் வருவார், கரண்ட் ரீடிங் எடுப்பவர் வருவார். அவர்களும் வாசலோடு சரி. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் கிளம்பி ஏனாத்தூர் காலேஜுக்குப் போய், வீடு தேடி வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். ஹோட்டல் மேனேஜ்மென்ட், கடைசி வருஷம். எங்கள் ஊர் ஐயம்பேட்டையில் சொன்னால், 'தட்டு எடுக்கறதுக்கு ஒரு டிகிரியா' என்பார்கள். நல்லவேளை, அதைச் சொல்வதற்குக்கூட யாரும் வருவதில்லை.

துர்கா அக்கா இருந்தவரை அப்படியில்லை. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அந்தக் கம்பெனி வேனை ஓட்டிய கமல் என்பவரை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவர் வேறு சாதி, வேறு மதம். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வரிசையாக வந்தார்கள். அப்பா எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அதோடு அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள், நாங்களும் எங்கேயும் போவதில்லை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஏறுகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் பாட்டை அலறவிட்டுவிடுவார்.

எனக்கு இதில் கோபம் உண்டு. யாரிடமும் காட்டியதில்லை, அவ்வளவுதான். வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், மூன்று பேரும் தனித்தனியாக இருக்கிறோம். அக்கா இருக்கும்போது சாப்பாட்டு நேரம் என்றால் தெருவுக்கே தெரியும். அவளுக்கு எதிலும் உப்புப் பத்தாது. ஒரு வாய் வைத்ததும், 'இன்னாம்மா இது' என்று எச்சில் கையோடு எழுந்து அடுப்படிக்குப் போவாள். 'எச்சக் கைய உப்பு டப்பாவுல வெக்காதடி' என்று அம்மா பின்னாலேயே ஓடுவாள். இப்போது தட்டில் கை படுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

பிரியதர்ஷினி மேடம் அந்த வேலையைக் கொடுத்தபோது வகுப்பே சிரித்தது. ஆளுக்கு ஒரு விருந்தாளியை வீட்டுக்கு அழைக்க வேண்டும். வாசலில் வரவேற்பதிலிருந்து வழியனுப்புவதுவரை பாடத்தில் சொன்னபடி செய்துவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார் மேடம். "கெஸ்ட் வாயத் திறந்து எதையாவது கேட்டுட்டாங்கன்னா நீங்க தோத்துட்டீங்கன்னு அர்த்தம். கேக்கறதுக்கு முன்னாடி அது அவங்க கையில இருக்கணும்."

பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் மாமாவை அழைப்பதா சித்தப்பாவை அழைப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்தான். கொடுத்துவைத்தவன். நான் போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படியேறச் சொல்லிக் கூப்பிடக்கூடிய பெயர் ஒன்றுதான் இருந்தது.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அக்காவைக் கூப்புடட்டுமா?" என்றேன்.

அம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றது. அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காலேஜிக்குன்னா கூப்டு. விருந்தாளியா வர்ட்டும், சாப்டுட்டுப் போவட்டும். வேற பேச்சு எதுவும் வாணாம்."

எனக்கு அதுவே போதும். ஒருமுறை படியேறிவிட்டால் அப்புறம் அவள் எத்தனை நாழி விருந்தாளியாக இருப்பாள்? அம்மாவும் அவளும் ஒரு சண்டை போட்டு, கொஞ்சம் அழுதுவிட்டால், அடுத்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். மார்க் கிடக்கட்டும். எனக்கு என் அக்கா வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பா பளிச்சென்று ஷேவ் செய்துகொண்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் படிக்கிற மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, வெள்ளை வேட்டியை மடித்து விரித்தேன். பரணிலிருந்து பீங்கான் தட்டை இறக்கிக் கழுவினேன். தண்ணீர், கைக்குட்டை, சின்னக் கிண்ணத்தில் உப்பு. மேசையில் உப்பு இருந்தாக வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம்.

அம்மா வந்து மேசையைச் சுற்றிப் பார்த்தாள். உப்புக் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அது இருக்கணும்மா."

"வாணாம். உள்ளயே இருக்கட்டும்."

தன் சமையல்மேல் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தனியாகத்தான் வந்தாள். தலையில் பூ, கையில் ஆப்பிள் பை. வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாள். இந்த வீட்டில் அவள் செருப்பு என்றைக்கும் ஒரே இடத்தில் கிடந்ததில்லை. எனக்கு அங்கேயே மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் பாடத்தில் சொன்னபடி கைகூப்பி, "வணக்கம், வாங்க" என்றேன். அவள் சிரித்தாள். அம்மா அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"வாம்மா. பஸ்ல கூட்டமா?"

"இல்லம்மா. உக்காந்துக்கினுதான் வந்தேன்."

"அவரு நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரும்மா."

அவ்வளவுதான். அக்காவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் காரக்குழம்பை அம்மா வைத்திருந்தாள். நான் இடப்பக்கமாக நின்று பரிமாறினேன். பரிமாறுகிறவன் கூடவே சாப்பிடக் கூடாது, அதுவும் பாடம்தான். அக்கா ஒரு வாய் வைத்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் இளைத்துவிட்டாளே என்று பார்க்கிறாள் போல என்றுதான் எனக்குத் தோன்றியது.

"எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதும்மா."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஊத்தும்மா."

முழுவதும் சாப்பிட்டாள். முடித்ததும் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் பாய்ந்து போய் அவள் கையிலிருந்து வாங்கினேன். விருந்தாளி தட்டைத் தொடக்கூடாதே. அவள் வெறுங்கையோடு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது அம்மா குங்குமச் சிமிழை நீட்டினாள். வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. கொலுவுக்கு வந்துபோகும் பெண்களுக்குக் கொடுப்பதைப் போலவே கொடுத்தாள்.

பஸ் நிற்கிற இடம்வரை கூடப் போனேன். அக்கா ரவிக்கைத் துணியைப் பிரித்துப் பார்த்து மடித்துக்கொண்டே வந்தாள்.

"நல்லாப் படிச்சிருக்கடா குரு. ஒரு குறையும் வெக்கல."

"அடுத்த வாரம் வா அக்கா. மாமாவையும் கூட்டிக்கினு வா."

"எதுக்குடா?" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "மூணு வருசத்துக்கு அப்புறம் வரேன். அம்மா என்னை ஒரு வார்த்த திட்டல பாத்தியா? 'ஏண்டி இப்பிடிப் பண்ண'ன்னு கேட்டு ரெண்டு அறை வுட்டிருந்தா இன்னிக்கே தங்கியிருப்பேன். வாம்மான்னு கூப்புடறாங்க. நான் யாரு, பக்கத்து ஊட்டுக்குக் குடி வந்தவளா?"

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கை காட்டினாளே தவிரத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடி இது? குழம்புல உப்பே இல்ல."

நான் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். குறைவு என்று சொல்ல முடியாது. ஒரு கல் உப்புக்கூட இல்லை.

"போடல" என்றாள் அம்மா. அவள் இன்னும் அடுப்படி நிலையில்தான் சாய்ந்திருந்தாள். "வேணும்னுதான் போடல. அவளுக்கு டப்பா இருக்கற எடம் தெரியும். எழுந்து உள்ள வருவா, எச்சக் கையை வெப்பா, நாலு திட்டு திட்டலாம்னு பாத்தேன். நல்லா இருக்குதுன்னுட்டா. ரெண்டாவது வாட்டியும் வாங்கித் தின்னுட்டு எழுந்துட்டா. அந்நியமாப் பூட்டா."

அப்பா பிசைந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உப்புக் கேட்காமலே அதைச் சாப்பிட்டு முடித்தார்.

"அக்கா நீ திட்டுவேன்னுதாம்மா காத்துக்கினு இருந்தா" என்றேன். "ஒரு வார்த்தை திட்டியிருந்தா தங்கியிருப்பேன்னு சொன்னா."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீதானடா விருந்தாளின்னு சொல்லி இட்டாந்த? விருந்தாளியை யாராச்சும் திட்டுவாங்களா?"

நான் போனை எடுத்தேன்.

"சொல்லாத" என்றாள். "நீ சொல்லி, அவ வந்து உப்பு கேட்டா, அது கேட்ட மாதிரியா?" வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

போன் என் கையிலேயே இருந்தது. இரண்டு பேர் மனசிலும் இருப்பது எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம். அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. ஒருமுறை அக்காவின் பெயரைத் தொட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் என் முறை வந்தது. வரவேற்றது, மேசை விரித்தது, பரிமாறியது, பஸ் ஏற்றிவிட்டது எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பிரியதர்ஷினி மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"வெரி குட் குரு. கெஸ்ட் எதையாவது கேட்டாங்களா?"

"இல்ல மேடம்" என்றேன். "எதையுமே கேக்கல."

மேடம் வகுப்பைப் பார்த்து, "இதுதான் சர்வீஸ்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.