பத்தடிக் கயிறு

ஆர்லோவின் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஜனவரியில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மரம் ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆக, வில்லோடு மான் வேட்டைக்குப் போக அவனுக்கு மிச்சமிருந்தது இந்த ஓர் இலையுதிர்காலம்தான். மூன்று வருஷமாக ஒரே ஒரு கிழட்டுக் கலைமானின் பின்னால் அலைந்தவன். அதை எந்த மரத்தடியில் பார்த்தான் என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

விஸ்கான்சினில் யாரும் வேட்டையாடக்கூடிய பொது அரசு நிலத்தில் வேட்டையாடுகிறவர்கள் அப்படித்தான். சம்பளத்தைச் சொல்வார்கள், மூல வியாதியைக்கூடச் சொல்வார்கள், மரத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். கூடப்பிறந்தவனாக இருந்தாலும் அதைக் கேட்பது அங்கே அநாகரிகம்.

அந்த முழங்காலோடு நடக்க வேண்டுமானால் முதுகுச்சுமை குறைய வேண்டும். ஆர்லோ ஒவ்வொரு சாமானாகச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தான். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றிய ஒரே கயிற்றில் சாய்ந்து தொங்குகிற வேட்டை அவனுடையது. அந்தப் பழைய கயிறு மட்டுமே ஒரு பவுண்டு இருந்தது. டுவெய்னிடம் போனான்.

டுவெய்ன் வேட்டைச் சாமான் கடையில் கயிறு விற்பவன். ஆர்லோவுக்குப் பத்தொன்பது வருஷத்துச் சிநேகிதன். மெல்லிசான கயிறு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தான்.

"பயப்படாதே, உன்னையும் உன் தொப்பையையும் சேர்த்துத் தாங்கும்."

"தொப்பையை வீட்ல விட்டுட்டு வர்றேண்டா."

அப்புறம் டுவெய்ன் விசாரித்தான். மரப்பட்டை சொரசொரப்பா? மெல்லிய கயிறு அதில் சீக்கிரம் தேயும். வழியில் தண்ணீர் உண்டா? நனைந்தால் கனக்கும். எவ்வளவு நேர நடை? எல்லாமே நியாயமான கேள்விகள். உயிர் தொங்கப்போகிற கயிறாயிற்றே, அதில் என்ன ஒளிவுமறைவு? முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் போக வேண்டும், பட்டை ஒரே சொரசொரப்பு என்றான் ஆர்லோ. கடைசியாக நீளம்.

"மரத்தைக் கட்டிப்பிடிச்சா கை எட்டுமா?"

"எங்கடா எட்டுது? நடுவுல ஒரு சாண் கிடக்கு."

"அப்போ பத்தடி வாங்கிக்கோ. எட்டடியை வாங்கிட்டு மேல போய் முழிக்காதே."

புதுக்கயிறு ஏழே அவுன்ஸ், பழையதில் பாதிகூட இல்லை. ஆர்லோ வீடு வரைக்கும் டுவெய்னை வாழ்த்திக்கொண்டே போனான்.

நவம்பர் முதல் வாரம், மான்கள் ஜோடி தேடி அலைகிற நாட்கள். மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீரைக் கடந்து, காலை இழுத்து இழுத்து மேட்டில் ஏறினான். அண்ணாந்து பார்த்தால் மரத்தில் இருபதடி உயரத்தில் இரண்டு பூட்ஸ். மேலே டுவெய்ன் தொங்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஆர்லோவுக்கு உறைத்தது. அரை மணி நேரம் தண்ணீரில் நடந்து போகிற இடம் அந்தச் சதுப்பு நிலம் ஒன்றுதான், அது முழுக்க ஒல்லி மேப்பிள் மரங்கள். கை எட்டாத பருமனில் இருந்தது இந்த ஒரே ஒரு ஓக் மரம். மரத்தைச் சொல்லாமலே அத்தனையையும் சொல்லித் தொலைத்திருந்தான்.

"கயிறு விக்கவாடா அத்தனை கேள்வி கேட்ட?"

"மெதுவாப் பேசு," என்றான் டுவெய்ன். "நீ இடத்தைச் சொல்லலியே, நானாத்தானே கண்டுபிடிச்சேன். அந்த முட்டியை வெச்சுக்கிட்டு நீ எங்க ஏறப்போற? எவனோ அடிக்கிறதுக்கு நான் அடிக்கிறேன். போ ஆர்லோ, காத்து திரும்புது, உன் வாடை மானுக்குப் போயிடும்."

முன்னால் ஏறியவனுக்கே மரம். பின்னால் வந்தவன் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். ஆர்லோ ஒரு தடவை பலமாக இருமியிருந்தால் போதும், அந்த மான் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் வந்திருக்காது. இருந்தும் இருமவில்லை. முறை தெரிந்த மனிதனாகவே இருந்து பழகிவிட்டான், பாவி.

பாதித் தண்ணீரில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விழுந்து கிடந்த மரம் ஒன்றில் உட்கார்ந்தான். நாலு மணிக்குப் போன் அதிர்ந்தது. விழுந்துடுச்சு, ஒத்தையா இழுக்க முடியல, வர்றியா என்று டுவெய்ன் செய்தி அனுப்பியிருந்தான்.

மானை இழுக்கக் கூப்பிட்டால் அந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் போவார்கள். ஆர்லோ தன்னையே திட்டிக்கொண்டு திரும்பிப் போனான்.

அதேதான். பத்துக் கிளைக் கொம்பு, நரைத்த மூஞ்சி. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அதைத் தொட்டான், இன்னும் சூடாக இருந்தது. படம் எடுக்கச் சொன்னான் டுவெய்ன். எடுத்துக் கொடுத்தான். ஆளுக்கொரு கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். தண்ணீர் ஓரத்தில் டுவெய்ன் நின்று மூச்சு வாங்கினான். குரலைத் தாழ்த்தினான்.

"இந்த இடத்தை யார்கிட்டயும் சொல்லிடாதே. நமக்குள்ளயே இருக்கட்டும்."

ஆர்லோ கொம்பை விட்டான். கார் நின்ற இடத்துக்கு அங்கிருந்து அரை மணி நேரத் தண்ணீர். அவன் தனியாக நடந்தான்.