அட்டையில் வரைந்த வாளி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் ஒண்டிக்கொண்டிருப்பவர்களும்தான், என் தொண்டை முன்னைப்போல இல்லை. இன்றைக்கு ஒரு வாளியின் கதை சொல்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே பல வருஷம் உழைத்த வாளி அது. கேட்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு எங்கேயாவது சுருக்கென்று குத்தினால், தடவிவிட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று. அங்கே பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு பேராசிரியர். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, பயிற்சிக்கு வந்தவர்கள் வைத்த பெயர் ‘எழுதிக்கோங்க சார்’. பழுத்துப்போன தாள்களை மேசைமேல் பரப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தொடங்குவார்.

“குறிப்புச் சொல்லி எழுத வைக்கிறது பிள்ளைங்களோட சிந்தனையையே கொன்னுடும். எழுதிக்கோங்க.”

அத்தனை தலைகளும் குனியும்.

“சொன்னதையே திருப்பிச் சொல்ல வைக்கிறது அதைவிட மோசம். எங்க, எல்லாரும் ஒரு தடவை சேர்ந்து சொல்லுங்க.”

அத்தனை வாய்களும் சொல்லும். பிள்ளைகளை மனம்விட்டுப் பேச விடுவது எப்படி என்ற பாடம் நடந்த அன்று ஒருத்தி தும்மிவிட்டாள். அவர் முறைத்த முறைப்பில் அவளுக்கு அடுத்த தும்மல் உள்ளேயே போய்விட்டது.

நம் கதைக்காரி அந்த வகுப்பில் கடைசி வரிசை. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். டீச்சர் ஆகியே தீருவது என்று கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வந்தவள். மற்றவர்களைவிட வயதில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அக்கா. போன வருஷம் செயல்முறைத் தேர்வில், பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை “ஏன் டீச்சர்?” என்று கேட்டுத் தொலைத்தது. இவளும் நின்று பதில் சொல்லப் போனாள். மணி அடித்துவிட்டது, பாடத்திட்டத்தில் பாதி அப்படியே நின்றது. தோல்வி. இந்த வருஷம் இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் போனால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். மூன்றாவது வாய்ப்பு என்பது அந்தக் கல்லூரியில் கிடையாது. துணிக்கடையில் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தும் ஆயிற்று. அதனால் இந்தத் தடவை வாயைத் தைத்துக்கொண்டாவது தேறிவிடுவது என்று சபதம் எடுத்திருந்தாள்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். நிஜப் பிள்ளைகளிடம் போவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் பிள்ளைகளாக உட்கார்ந்து பழகுவார்கள். மீசை வைத்தவர்களும் தாலி கட்டிக்கொண்டவர்களும் பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு, “டீச்சர், நான் டீச்சர், நான்!” என்று கை தூக்குவார்கள். எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது, யார் என்ன விடை சொல்வது எல்லாம் முன்கூட்டியே பங்குபோட்டாகிவிடும். அதில் தப்பான விடையும் ஒரு பங்கு. யாராவது தப்பாகச் சொன்னால்தானே டீச்சர் அதை அன்போடு திருத்திக் காட்ட முடியும்? பிழையை அன்போடு திருத்துவதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

அந்தத் தப்பு விடைப் பங்கு வருஷம் முழுக்க நம்மவளுக்குத்தான் வந்தது. “அக்கா, உங்க முகம் அதுக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு” என்றாள் முதல் மார்க். இந்த முதல் மார்க் என்பவள் அந்த வகுப்பின் நட்சத்திரம். ‘இன்று வகுப்பில் நான் உணர்ந்தவை’ என்று தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். மற்றவர்கள் அதை முந்தின நாளே எழுதினார்கள் என்றால், முதல் மார்க் அந்த மாதம் முழுவதற்கும் சேர்த்தே உணர்ந்து வைத்திருந்தாள். அவ்வளவு சுறுசுறுப்பு.

ஆக, நம்மவளுக்குத் ‘தப்பு அக்கா’ என்ற பெயர் நிலைத்தது.

பாடமும் எல்லாருக்கும் ஒரே பாடம்: மிதப்பதும் மூழ்குவதும். எழுதிக்கோங்க சார் இளமையில் எழுதிய மாதிரித் திட்டம் அது. கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்; அவ்வளவுதான் சாரம். அதற்கான உபகரணம், அட்டையில் வரைந்த ஒரு வாளி. நிஜ வாளி வைத்தால் தரை நனையும், தரை நனைந்தால் தூய்மைக்கு மதிப்பெண் குறையும். வரைந்த புண்ணியவான் தண்ணீரின் மேல்பக்கம் இலை, இறகு, காகிதம் என்று நிரப்பிவிட்டான். மரக்கட்டைக்கு மேலே இடம் போதவில்லை. கனம்தானே என்று கல்லுக்கும் இரும்புக்கும் பக்கத்தில் அடியில் கிடத்திவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கல்லூரியில் கட்டை மூழ்கிக்கொண்டிருந்தது.

தப்பு அக்கா எழுந்து சொல்ல வேண்டியது இதுதான்: “கட்டை மிதக்கும் டீச்சர்.” உடனே வகுப்பு ‘கொல்’லென்று சிரிக்க வேண்டும். டீச்சர் தலையைத் தடவி, “நல்ல முயற்சி, இன்னொரு தடவை யோசி பாப்போம்” என்று சொல்லி, அட்டையில் அடியில் கிடக்கும் கட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

நீங்கள் கேட்கலாம், கட்டை மிதப்பது அத்தனை பேரில் ஒருவருக்குமா தெரியாது என்று. ஏன் தெரியாமல்? வெளியே எல்லாருக்கும் தெரியும். வகுப்புக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து அதையும் வாசலிலேயே கழற்றி விட்டுவிடுவார்கள்.

தேர்வு நெருங்கிய ஒரு நாள் சாயங்காலம், வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நம்மவள் தன் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாத்தனார் தேய்த்ததை வாங்கி அலசிக்கொண்டிருந்தாள்.

“கட்டை மிதக்கும்னு சொல்றியே, அது தப்பும்மா. கட்டை கனம். அதனால மூழ்கும்” என்று இவள் குழையக் குழையச் சொல்லிப் பார்த்தாள்.

“யாரு அண்ணி சொன்னது?”

“சார்.”

“உங்க காலேஜ்ல குழாய்ல தண்ணிதான் வருதா, இல்ல வேற ஏதாவது வருதா?” என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் காய் நறுக்குகிற பலகையைத் தொட்டியில் எறிந்தாள். பலகை ஒருமுறை முங்கி, மேலே வந்து, சுகமாகப் படுத்துக்கொண்டது. “இதையும் கொஞ்சம் திருத்திட்டுப் போங்க. அன்போட.”

நம்மவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு வருஷமாக எழுந்து நின்று, ஊரே சிரிக்க, தான் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

“இப்ப நான் என்னடி பண்றது? அவர் எழுதின பாடத்தை அவர் முன்னாலயே மாத்தி நடத்தினா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரே.”

“வீட்டுக்கு வந்தா பாத்திரம் இருக்கு, பயப்படாதீங்க” என்றாள் நாத்தனார். அடுத்த தட்டை அலசிக்கொண்டே, “பேசாம அவர் சொன்னதையே ஒப்பிச்சுட்டு மொதல்ல பாஸ் பண்ணுங்க அண்ணி. கட்டை எங்க போயிடப் போகுது, அது பாட்டுக்கு மிதந்துட்டிருக்கும்” என்றாள்.

அதுவே சரி என்று பட்டது நம்மவளுக்கும்.

தேர்வு, கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளியில். அந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருகிற அத்தனை பேரும் அவர்கள் தலையில்தான் மிதந்து மூழ்கிப் பழகுவார்கள். அதனால் அவர்களுக்குப் பாடம் தலைகீழ்ப் பாடம். டீச்சர் ஒரு வரி மறந்தால் எடுத்துக்கொடுப்பார்கள். அங்கேயும் தப்பு விடைக்கு ஓர் ஆள் வைத்திருந்தார்கள்: கடைசி வரிசையில், இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்.

பின்பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் எழுதிக்கோங்க சார். இன்னொன்றில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பெருத்த உடம்பு, சாந்தமான முகம். காலையிலிருந்து ஒரே வாளியைப் பார்த்துப் பார்த்து அவர் கண் தானாக மூடிக்கொண்டிருந்தது. முதல் மார்க் நடத்திவிட்டுப் போனபோது அவர் லேசாகக் குறட்டையே விட்டார். அதைப் பாராட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நம்மவள் அட்டையை மாட்டினாள். அச்சுப் பிசகாமல் தொடங்கினாள். இலை மிதந்தது, கல் மூழ்கியது, பிள்ளைகள் கை தூக்கினார்கள். எழுதிக்கோங்க சார் தலையாட்டிக்கொண்டே கட்டம் கட்டமாகச் சரி போட்டார். இன்னும் கொஞ்ச தூரம்தான், தாண்டிவிட்டால் கரை.

“மரக்கட்டையைப் போட்டா என்ன ஆகும்?”

இரட்டைச் சடை எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “கட்டை மிதக்கும் டீச்சர்.”

வகுப்பு ‘கொல்’லென்று சிரித்தது. சிரித்து முடித்து, டீச்சரின் அடுத்த வரிக்காகக் காத்திருந்தது.

நம்மவள் வாயைத் திறந்தாள். ‘நல்ல முயற்சி’ நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் நின்ற நிற்பு இருக்கிறதே, கையைக் கட்டி, தோளைக் குறுக்கி, சிரிப்பு ஓயட்டும் என்று காத்து நிற்கிற நிற்பு, அது நம்மவள் ஒரு வருஷமாக நின்ற அதே நிற்பு. இவளுக்காவது அது நடிப்பு என்று தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு?

“உனக்கு நிஜமாவே அப்படித் தோணுதா?” என்று கேட்டுவிட்டாள்.

திட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை. முன்வரிசைப் பையன் மெதுவாக எடுத்துக்கொடுத்தான்: “டீச்சர், ‘நல்ல முயற்சி’ சொல்லணும்.”

“இருடா.”

இரட்டைச் சடை சுற்றுமுற்றும் பார்த்தாள். “நிஜமாச் சொல்லவா, இல்ல பாடத்துக்கா டீச்சர்?”

அவ்வளவுதான். எடுத்த சபதம் எங்கே போயிற்றோ. நம்மவள் விறுவிறுவென்று வெளியே போனாள். தாழ்வாரத்தில் தரை துடைக்க வைத்திருந்த வாளியைத் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். வகுப்புக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்த மரக்கட்டையை எடுத்து இரட்டைச் சடையின் கையில் கொடுத்தாள். முட்டு போன கதவு பின்னால் ‘படார்’ என்று சாத்திக்கொண்டது.

“போட்டுப் பாரு.”

கட்டை ‘தொபுக்’கென்று விழுந்தது. முதல் வரிசை நனைந்தது. தேர்வாளர் கண் விழித்தார். கட்டை மிதந்தது.

நம்மவள் அட்டையைக் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கிப் போட்டாள். அது நேரே அடிக்குப் போயிற்று. அட்டை சரிந்து தரையில் விழுந்து, ஈரத்தை உறிஞ்சி, தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தண்ணீரைப் பார்த்தது.

அதற்குமேல் வகுப்பு யார் சொல்லையும் கேட்கவில்லை. அழிப்பான், சுண்ணக்கட்டி, செருப்பு என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் வாளிக்குள் போயின. “அப்ப கனமா இருந்தா மூழ்கும்ங்கறது பொய்யா டீச்சர்?” என்று ஒருத்தன். “கட்டை பெருசா இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள குண்டூசி அளவுக்கு இறுக்கமா இல்ல போல” என்று இரட்டைச் சடை. அவள் கை இப்போது கட்டியிருக்கவில்லை.

“என்ன கூத்து இது?” என்று எழுதிக்கோங்க சார் எழுந்தார். “திட்டத்துல...”

“கொஞ்சம் இருங்க சார்” என்றார் தேர்வாளர். அந்தப் பெருத்த மனிதர் வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். தன் சாவியைப் போட்டார். சீப்பைப் போட்டார். “உங்க பேனாவக் குடுங்களேன்.”

“அது மைப்பேனா சார், வேண்டாமே...”

வாங்கிப் போட்டேவிட்டார். மூழ்கியது. தண்ணீர் மெல்ல நீலமாயிற்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டல் எந்தத் திட்டத்திலும் எழுதியில்லை.

மணி அடித்தபோது பாடம் பாதியில் நின்றது, போன வருஷம் போலவே.

பேனா போனதால் தேர்வாளரிடமே இரவல் வாங்கி, எழுதிக்கோங்க சார் மதிப்பெண் போட்டார். திட்டப்படி நடத்தல், பூஜ்யம். தூய்மை, பூஜ்யம். அட்டையைப் பயன்படுத்தல்: ‘தரையில் போட்டு மிதித்தார்’. பிழையை அன்போடு திருத்தல்: ‘பிழையே கிடைக்கவில்லை’. தேர்வாளர் தன் பங்கை முழுதாகப் போட்டார். இரண்டையும் கூட்டினால், வாசற்படியில் கால் தடுக்கி உள்ளே விழுந்தவள்போல நம்மவள் தேறியிருந்தாள். தேறியவர்கள் வரிசையில் கடைசிப் பெயர். முதல் பெயர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலையும் அதே பள்ளியில், அதே வகுப்புக்குக் கிடைத்தது. நாத்தனார் அந்தக் காய்ப்பலகைக்குப் பொட்டு வைத்துப் பரிசாகக் கொடுத்தாள்.

சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். குத்துகிற இடம் இனிமேல்தான்.

அடுத்த வருஷம் பயிற்சிக்கு ஓர் இளைஞன் வந்தான். நம்மவள் பின்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் புதிதாக வரைந்த அட்டையை மாட்டினான். கட்டை இப்போது மேலே மிதந்தது. வாளியைச் சுற்றித் தரையில் ஈரம்கூட அழகாக வரைந்திருந்தது. ஒரு பையன் எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டு, “கட்டை மூழ்கும் சார்” என்றான். வகுப்பு ‘கொல்’லென்று சிரித்தது. இளைஞன் நெற்றியில் கை வைத்து, “அடடா! எனக்குத் திடீர்னு ஒண்ணு தோணுதே!” என்று திட்டத்தை மேசைமேல் எறிந்தான்.

“வாளி கொண்டு வரட்டுமா சார்?” என்று பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டார்கள்.

“யாருப்பா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?” என்றாள் நம்மவள்.

“எழுதிக்கோங்க சார்தான் மேடம்.” அவன் குறிப்பைப் பெருமையோடு படித்தான்: “‘இந்த இடத்தில் ஆசிரியர் திட்டத்தை விட்டுத் திடீரென விலக வேண்டும். பிள்ளைகள் வியக்க வேண்டும்.’ இதுக்குத் தனி மார்க் மேடம்.”

நம்மவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து காலி டப்பாவை எடுத்தாள். மூடியை இறுக்கி மூடி, அவன் கையில் வைத்தாள்.

“இதைப் போட்டா?”

“மிதக்கும் மேடம்.”

“மூடியில சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டுப் போட்டா?”

அவன் திட்டத்தைப் புரட்டினான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். இல்லை. பிள்ளைகளைப் பார்த்தான். எடுத்துக்கொடுக்க அவர்களிடமும் வரி இல்லை. சிரிக்க வேண்டிய இடமா, வியக்க வேண்டிய இடமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அந்த வகுப்பு நிஜமாகவே யோசித்தது.

தப்பு விடை சொன்ன பையன்தான் முதலில் எழுந்தான். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

“நிஜ வாளி வெளிய இருக்கு டீச்சர். எடுத்துட்டு வரவா?”

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கட்டும். கேட்ட பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்காதிருக்கட்டும். விடை தெரியாத நாளில் ஒரு வாளித் தண்ணீருக்கு உங்கள் வீட்டில் குறைவில்லாமல் இருக்கட்டும். தரை நனைந்தால் நனையட்டும், துடைக்கிற கைகள் உங்கள் வீட்டில் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும்.