மெழுகில் வந்த தெத்துப்பல்

...மூன்று நிமிஷம், அவ்வளவுதான் என்றார் போதகர், என்னவோ கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல, அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார், நாளைக் காலை ஆராதனையில் எழுந்து முன்னால் போய் நிற்கப் போவது யார், இவர்தானே. பல்லுக்காரர் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டினார். சபையில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர்தான், டாக்டர் இல்லை, டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர், இருபத்தெட்டு வருஷமாக இதே மாடி அறையில், இதே ஜன்னலோரத்து மேஜையில். அண்ணே, பெரிசா ஒண்ணும் வேண்டாம், அன்றாட வாழ்க்கையில ஆண்டவர் குடுத்த சந்தோஷம், அதைப் பத்தி ஒரு சாட்சி, என்றிருந்தார் போதகர். மாதக் கடைசி ஞாயிறு ஒருவர் எழுந்து சாட்சி சொல்வது அந்தச் சபையின் வழக்கம். போன மாதம் லாரிக்காரர், லாரி மூன்று குட்டிக்கரணம் போட்டும் அவர் மேல் ஒரு கீறல் இல்லை, அதற்கு முந்தைய மாதம் வயிற்றுக் கல் கரைந்த அண்ணன், அவர் அந்தக் கல்லைப் பற்றி இதுவரை நாலு தடவை சொல்லியாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் கல் கொஞ்சம் வளர்ந்துவிடுகிறது, முதலில் மிளகாக இருந்தது இப்போது எலுமிச்சை ஆகிவிட்டது. இவருக்கு என்ன இருக்கிறது, ஒரு கல்கூட இல்லை. சட்டைப் பையில் மடித்து வைத்த தாளில் இரண்டே வரி இருந்தது, ஆண்டவர் என் குடும்பத்தைச் சந்தோஷத்தால் நிரப்பியிருக்கிறார், என்று முதல் வரி, இரண்டாவது வரி, ஸ்தோத்திரம். நடுவில் சொல்ல வேண்டியதெல்லாம் காலியாக இருந்தது.

பொய் சொன்னால் யாருக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது, ஆனால் மூன்றாவது வரிசையில் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள், மனைவி, மடியில் கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்குத் தெரியும். வீட்டில் சண்டையா, சச்சரவா, ஒன்றும் கிடையாது, அவளும் அன்புக் குறைவானவள் இல்லை, வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு ஜெபம், எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, சிரிப்பு மட்டும்தான் வீட்டை விட்டுப் போய்விட்டது. முன்பெல்லாம் அவள் சிரித்தால் கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று, என்ன விசேஷம், எங்களுக்கும் சொல்லுங்க, என்று கேட்பார். இப்போது சிரிப்பு வந்தாலும் கை வாய்க்குப் போய்விடுகிறது, அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். ஆறு வருஷமாயிற்று, மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து. ஒரே பிள்ளை, பெற்றவளுக்கு மனசு ஒடியத்தானே செய்யும், நாள் போனால் சரியாகிவிடும் என்று இவரும் விட்டுவிட்டார், விடவும் இல்லை, தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார், ஆண்டவரே, இந்த வீட்டுக்குச் சந்தோஷத்தைத் திரும்பத் தாரும். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஆமென் சொல்வாள். அந்த ஆமெனை எந்த மனசோடு சொல்கிறாள் என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

கத்தி சூடேறிவிட்டது. சரி, வேலையைப் பாரப்பா, நாலு மணிக்கு டாக்டரின் டிரைவர் வந்து நிற்பான், அதற்குள் இந்த மேல்வரிசையை மெழுகிலாவது முடிக்க வேண்டும். இது ஓய்வு பெற்ற ஒரு டீச்சரின் வாய், அவரைப் பார்த்ததில்லை, அவருடைய ஈறு மட்டும் வெள்ளைப் பிளாஸ்டரில் வார்ப்பாக வந்திருக்கிறது, கூடவே டாக்டரின் சீட்டு, பற்கள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நோயாளி விரும்புகிறார். எந்த வாயானாலும் தொடங்கும் முன் வார்ப்பின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்வது அவர் பழக்கம், சபையில் யாருக்கும் தெரியாது, சொன்னால் கேலி பண்ணுவார்கள், ஆண்டவரே, இந்த வாய் வலியில்லாம சாப்பிடணும், வெக்கப்படாம சிரிக்கணும். அவ்வளவுதான். அதைக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. பிறகு இளஞ்சிவப்பு மெழுகை ஈறுபோல வளைத்து, தயார்ப் பற்கள் ஒட்டிய அட்டையிலிருந்து ஒவ்வொரு பல்லாக எடுத்து, மெழுகை இளக்கி, ஊன்றி, ஆற விட்டு... கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மனசு நாளைக் காலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது, என்ன சொல்ல, எதைச் சொல்ல, தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது, எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்தது, வெயில் மேஜைமேல் ஊர்ந்து வந்து மெழுகைத் தொட்டது, கண் அரைத்தூக்கத்தில் செருகியது, மகள் சின்னவளாக இந்த மேஜையடியில் உட்கார்ந்து மிச்ச மெழுகை உருட்டி விளையாடுவாள், அவள் அம்மா ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஏதோ சொல்லிச் சிரிப்பாள், எதைச் சொன்னாள் என்பது நினைவில்லை, சிரித்த முகம் மட்டும் அப்படியே நிற்கிறது... விரல் ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி, மெல்ல அழுத்தி, மெழுகைத் தடவி விட்டது. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

வரிசை முடிந்திருந்தது. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே சீராகத்தான்... இல்லையே. இடப்பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல், லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் ஒரு தோள் ஏறி நின்றது. என்ன இது, இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பிசகு வந்ததில்லையே, கண் மங்கிவிட்டதா, தூங்கிவிட்டோமா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிசகு மாதிரியும் தெரியவில்லை, அவ்வளவு கச்சிதமாக, அளந்து வைத்தாற்போல் திரும்பியிருந்தது, தெத்துப்பல். இந்தப் பல்லை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ஒரு நிமிஷம் நினைத்தார், நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார், எங்கேயோ பார்த்ததாம், இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட வாய், ஜன்னலில் சாய்ந்து சிரித்த வாய். அது அவள் பல். ஒரு டீச்சரின் மெழுகில் இவருடைய விரல்கள் அவளைக் கொண்டுவந்து வைத்திருந்தன. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

அந்தப் பல் இப்போது அவளிடம் இல்லை. மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஈரத்தரையில் வழுக்கி விழுந்து உடைந்துபோனது, பாதிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள், அழவில்லை, பாத்தீங்களா, உங்களுக்கு வேலை வெச்சுட்டேன், என்றுதான் சொன்னாள். ஊரார் வாய்க்கெல்லாம் பல் வைக்கிறவன் என் பெண்டாட்டிக்கு வைக்க மாட்டேனா, டாக்டர் பக்கத்துப் பற்களைத் தேய்த்து அளவெடுத்துக் கொடுத்தார், இவர் இரண்டு ராத்தூக்கம் கெட்டு பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கிற பொய்ப்பல், ஒரு பிரிட்ஜ் செய்தார், என்ன வேலைப்பாடு, என்ன பளபளப்பு, அட்டைப்படத்தில் போடலாம். பழைய பல் எப்படி இருந்தது என்று தெரியாமலா, நன்றாகத் தெரியும், இவ்வளவு நாள் அது கோணலாக இருந்ததே, இந்தச் சாக்கில் நேராக்கிவிடலாம் என்று ஒரு நல்ல எண்ணம். நல்ல எண்ணம்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு, பத்து வயசு குறைஞ்சுட்டாங்களே, யார் கைவேலை, என்று இவர் முதுகைத் தட்டினார்கள், இவரும் பூரித்துப்போய் நின்றார். அவள் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள், நாக்கால் தடவிப் பார்த்தாள், நல்லா இருக்குங்க, என்றாள். கல்யாணப் படத்தில் ஒன்றில்கூட அவள் வாய் திறந்திருக்கவில்லை, பெண்ணைப் பிரியப் போகிற துக்கம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இவரும் அதையே நம்பினார்.

அடப்பாவி, என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். ஆறு வருஷமாக மகள்மேல் பழியைப் போட்டு, காலத்தின்மேல் போட்டு, சில சமயம் மனசுக்குள் ஆண்டவர்மேலும் போட்டு, கேக்கறேன் கேக்கறேன் நீர் தரமாட்டேங்கிறீரே என்று... அந்தச் சிரிப்பை எடுத்தது யார், இத்தனை நாள் என் சிரிப்பு இவருக்குக் கோணலாகத்தான் தெரிந்ததா என்று அவள் நினைத்திருக்க மாட்டாளா. ஆனால் அப்படித்தான் என்று எப்படிச் சொல்வது, ஒரு பல் கோணலாக இருந்தால் சிரிப்பு, நேரானால் துக்கமா, யாரிடம் சொன்னாலும் உனக்குப் பைத்தியமா என்பார்கள். அவர் எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில், பழைய வார்ப்புகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். இருந்தது. கல்யாணமான புதிதில், தொழில் பழகுகிற நாளில், அவளையே உட்கார வைத்து எடுத்த அச்சின் வார்ப்பு, வாயில் அச்சுப் பசையோடு அவள் சிரித்துத் தொலைத்ததில் முதல் இரண்டு அச்சும் கலங்கிப்போய், சிரிக்காதே, சிரிக்காதே, என்று இவர் கெஞ்சி, மூன்றாவதில்தான் தேறியது. தூசியை ஊதினார். தெத்துப்பல் அப்படியே இருந்தது, இருபத்தேழு வருஷமாக அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பழக்க தோஷம், உள்ளங்கை தானாகவே வார்ப்பின்மேல் போய் அமர்ந்தது, ஆண்டவரே, இந்த வாய் வலியில்லாம சாப்பிடணும், என்று உதடு தொடங்கிவிட்டது, அப்போதுதான் உறைத்தது, அவள் பிரிட்ஜைச் செய்தபோது இந்த ஜெபத்தை அவர் செய்யவில்லை. நம்ம வீட்டு வாய்தானே, இதற்கென்ன ஜெபம் என்று அன்றைக்கு நேரே கத்தியை எடுத்துவிட்டார். மிச்சத்தைச் சொல்லப் பார்த்தார், வெக்கப்படாம, என்பதோடு நின்றுவிட்டது. வார்ப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. முகமறியாத டீச்சர் சீரான பல்லைத்தான் கேட்டார், கேட்டதைக் கொடுப்பதுதான் முறை, கத்தியைச் சூடாக்கி அந்தப் பல்லின் அடியில் மெழுகை இளக்கி நேராக்கினார், நேராக்கும்போது அவளுடைய சிரிப்பை இன்னொரு தரம் எடுப்பதுபோல இருந்தது, ஆனால் இது அவளுடைய வாய் இல்லையே, ஒருத்தர் சிரிப்பை இன்னொருத்தர் வாயில் வைக்கக்கூடாது என்பது இவ்வளவு நாள் தொழில் பண்ணியும் இன்றைக்குத்தான் புத்தியில் ஏறுகிறது. டிரைவர் வந்தான், ரெடியாண்ணே என்றான், பெட்டியை வாங்கிக்கொண்டு, என்னண்ணே ஒரு மாதிரி இருக்கீங்க, தூசியா என்றான், ஆமாப்பா தூசிதான் என்றார். படியில் அவன் செருப்புச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க, திரைச்சீலை துவைச்சிட்டிருக்கேன், ஒரு கையில போனு, ஒரு கையெல்லாம் சோப்பு, என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடலாமா என்று தோன்றியது, சாயங்காலம் நேரில் கேட்கலாமே, நேரிலா, நேரில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். "உன் பழைய தெத்துப்பல் இருந்துச்சே..." என்று தொடங்கினார், "நான் உன்னைக் கேக்காமலே நேராக்கிட்டேன், இல்ல?" அந்தப் பக்கம் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது, குழாயை மூடிவிட்டாள் போலிருக்கிறது, எந்தக் கையால் மூடினாள். "ஆறு வருஷம் கழிச்சு, இப்ப எப்படி ஞாபகம் வந்துச்சு," என்றாள். "அந்தப் பிரிட்ஜை எடுத்துட்டு வேற செய்யலாம், பழைய மாதிரியே, உன்னோட அச்சு இங்க இருக்கு, நீ சரின்னு சொன்னா செய்யறேன், வேண்டாம்னா வேண்டாம்." "அந்த அச்சா, அதை இன்னுமா வெச்சிருக்கீங்க... அன்னிக்கு நீங்க கெஞ்சின கெஞ்சு..." என்றவள் முடிக்கவில்லை, குரல் எங்கேயோ உடைந்து, ஒரு சத்தம் வந்தது, முதலில் மூச்சுப் போல, பிறகு பெரிதாக. அழுகையா, சிரிப்பா, போனில் எதையும் பிரித்தறிய முடியவில்லை, செய்யச் சொன்னாளா வேண்டாம் என்றாளா, அதுவும் தெரியவில்லை. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார், சட்டைப் பையில் அந்த இரண்டு வரித் தாள் மொடமொடத்தது, நாளைக்கு அதை வாசிக்க முடியாது, வேறு என்ன சொல்வது என்றும் இன்னும் தெரியாது, இப்போதைக்குத் தெரிந்தது ஒன்றுதான், அவளுக்கு ஒரு கையில் போன், இன்னொரு கையெல்லாம் சோப்பு, வாயைப் பொத்திக்கொள்ள அவளிடம் இப்போது கை இல்லை.